கடற்காற்றும் நாற்பது சிப்பாய்களும்

பொம்மைச் சிப்பாய்க்குப் பெயின்ட் அடிப்பவனுக்குக் கை நடுங்கக் கூடாது, காத்திருக்கத் தெரிய வேண்டும். எனக்கு இரண்டுமே வராது. மேஜை மேல் போர்க்களம் விரித்து, பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து படையை நகர்த்துகிற ஆட்டம் இது. கட்டைவிரல் உயரச் சிப்பாய்கள் கை வேறு கால் வேறாகப் பெட்டியில் வருவார்கள். ஒட்டி, கேட்கிற மாதிரி மாற்றி, வர்ணம் பூசிக் கொடுப்பதுதான் கடலூர் செம்மண்டலத்தில் என் பிழைப்பு. பசையில் விரல் மாட்டிய சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விரலில் ஒருவர்

பசை காய முப்பது வரை எண்ணச் சொல்வார்கள். நான் பன்னிரண்டைத் தாண்டியதே இல்லை. ஒரு நாள் கேடயத்தை ஒட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் கேஸ் சிலிண்டர் வந்தது. எழுந்து ஓடினேன். சிப்பாயும் என் கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்தார். போனைத் திறக்க அந்த விரலின் ரேகை வேண்டும்; ரேகை மேல் அவர் நிற்கிறார். நான் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்த சிலிண்டர்காரர் சொன்னார்: "சார், மொதல்ல அவர எறக்கி விடுங்க. அப்பறமா ஓ.டி.பி. சொல்லலாம்."

ரஃபீக்கின் தளபதி

ரஃபீக் பரங்கிப்பேட்டைக்காரர், துபாயில் வேலை. அங்கே ரூம் நண்பர்களோடு இந்த ஆட்டம் ஆடுகிறார். லீவில் வந்தவர் நாற்பது பேர் கொண்ட படை கேட்டார். இவ்வளவு பெரிய ஆர்டர் எனக்கு வந்ததே இல்லை.

அதில் தளபதிக்கு அவருடைய வாப்பாவின், அதாவது அப்பாவின், முகம் வேண்டும். போனில் ஒரு படம் காட்டினார். ரஃபீக் முதல் முறை வெளிநாடு கிளம்பிய அன்று எடுத்ததாம். கருகருவென்று தாடி, கடலுக்குப் போகிற மனுஷனின் தோள். வியாழக்கிழமைக்குள் தருவீர்களா என்று கேட்டார். யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டேன். ரஃபீக் சொன்னார்: "வாப்பா எத்தன தடவ கூப்ட்டாலும் கடல விட்டு வர மாட்டேங்குறாங்கண்ணே. வெள்ளிக்கிழம ஃபிளைட்டு. இந்தத் தடவ இப்புடியாச்சும் கூட்டிட்டுப் போயிடணும்."

தலை வரும்வரை

அந்த முகத்தைக் கம்ப்யூட்டரில் செதுக்கி, த்ரீடி பிரின்டரில் எடுக்க வேண்டியவன் ஸ்டீபன். சிதம்பரத்தில் இருக்கும் என் பார்ட்னர். தலை என்னவோ பட்டாணி அளவுதான், ஆனால் மிஷின் இரண்டு மணி நேரம் கேட்கிறது. அங்கே போய் உட்கார்ந்த நான் அதற்குள் நாலு தடவை மூடியைத் தொட்டேன், மூன்று டீ குடித்தேன், அவனை எட்டு தடவை கேட்டேன். ஸ்டீபன் என் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினான். "மச்சான், கோயிலுக்குப் போ. அங்க ஒருத்தரு எத்தனையோ காலமா ஒத்தக் கால்ல நிக்கிறாரு. அவரு பக்கத்துல நின்னு பழகிட்டு வா."

புதன்கிழமை வானம்

கடைசி வேலை வார்னிஷ் ஸ்பிரே. ஈரக்காற்றில் அடிக்கவே கூடாது. புதன்கிழமை வானம் மூடிக்கிடந்தது, கடற்காற்று கசகசவென்று அடித்தது. "வெயிலு வரட்டும்" என்றாள் என் மனைவி செல்வி. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மொட்டை மாடியில் அட்டை விரித்து, நாற்பது பேரையும் நிறுத்தி, அடித்தே விட்டேன்.

பத்தே நிமிஷம். சிவப்பு அங்கி, நீலக் கொடி, கறுத்த தாடி, எல்லாம் வெள்ளை பூத்துப்போயிற்று. ஐயோ! ராப்பகலாகத் தாடியும் அங்கியுமாகத் தீட்டியது, நாளன்றைக்கு ரஃபீக் பறந்துவிடுவார். துணி எடுக்க வந்த செல்வி குனிந்து பார்த்தாள். "நாப்பது பேரும் மாவு மில்லுல வேலைக்குச் சேந்துட்டாங்களா?"

வியாழக்கிழமை

காலையில் வெயில் வந்தது, ரொம்ப நல்ல பிள்ளை மாதிரி. பளபள வார்னிஷைப் பிரஷால் தொட்டுத் தடவினால் வெள்ளை மறையும். ஒவ்வொருவராகத் தடவினேன். முப்பத்தொன்பது பேருக்கு நிறம் திரும்பியது. தளபதியைக் கையில் எடுக்கிறேன், ரஃபீக் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். மறைக்க நேரமில்லை. "தப்பு நடந்துடுச்சு ரஃபீக், அரை மணி நேரம் குடுங்க, கறுப்பாக்கிடுறேன்" என்றேன். அவர் தளபதியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாடி முழுக்க வெள்ளை.

"வேணாண்ணே, தொடாதீங்க. போட்டோவுல இருக்குறது நான் விட்டுட்டுப் போன வாப்பா. இப்ப வீட்டுல இருக்குறவுங்க இவுங்கதான்."

நாற்பதில் நான் கெடுத்து, திருத்தாமல் விட்ட ஒன்றுதான் சரியாக அமைந்தது என்பதால், பொறுமையைப் பற்றிச் செல்வி எடுக்கும் பாடத்திலிருந்து இப்போதும் பாதியில் எழுந்து போய்விடுகிறேன்.