ஸ்டெல்லா டீச்சர் வீட்டு பேக்கப்

ஜெயராஜ் சார் போன் செய்தபோது கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் சர்வீஸ் கடையில் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி, மாப்ள சொன்ன மாதிரியே ரீஸ்டோர் பண்ணிட்டேன். கம்ப்யூட்டர் நல்லா ஓடுது. ஆனா டீச்சர் பேசி வச்சது ஒண்ணயும் காணோம்" என்றார்.

குரலில் பதற்றமே இல்லை. எங்கேயோ இடம் மாறிக் கிடக்கும், நான் வந்தால் எடுத்துக் கொடுத்துவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தார். எதையும் தொடாதீர்கள், உடனே ஆஃப் செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், எந்த பேக்கப் சாஃப்ட்வேர் நல்லது என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1. எந்த சாஃப்ட்வேர்

ஜெயராஜ் சார் பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ஸ்டெல்லா, புவனகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவர். எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, சாரும் அவரை டீச்சர் என்றே சொல்வார். ஒரே மகள் கல்யாணமாகி துபாயில் இருந்தாள். மருமகனுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. சிதம்பரத்தில் அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நான் அசெம்பிள் செய்து கொடுத்தது.

2010 வாக்கில் டீச்சருக்குத் தொண்டை கம்மியது. மாசக்கணக்கில் சரியாகவில்லை. புதுச்சேரியில் கொண்டுபோய்க் காட்டியதில் குரல்வளையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், அதன் பிறகு பேச்சு வராது.

மகள் அப்போது முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர இருந்தவளை வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அவளிடம் நேரில் சொல்ல நினைத்ததையெல்லாம் டீச்சர் மைக் வைத்துக் கம்ப்யூட்டரில் பேசிப் பதிவு செய்ய ஆரம்பித்தார். பிள்ளை பெற்றவள் என்ன சாப்பிட வேண்டும், குழந்தையை எப்படிக் குளிப்பாட்ட வேண்டும், நடுவில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், கொஞ்சம் திட்டு. குரல் கரகரவென்றுதான் இருக்கும். "எப்டி இருந்தாலும் என் கொரல்தானே, அவளுக்கு அடையாளம் தெரியும்" என்பார்.

டீச்சர் முதல் பதிவைத் தொடங்கும் முன்பே, இது போய்விடக் கூடாது, என்ன சாஃப்ட்வேர் போடலாம் என்று சார் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். இரண்டு வகை இருக்கிறது என்று சொன்னேன். ஒன்று, நமக்கு வேண்டிய ஃபோல்டரை மட்டும் வெளியே இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி எடுத்து வைப்பது. இன்னொன்று, முழுக் கம்ப்யூட்டரையும் படம் பிடித்த மாதிரி அப்படியே ஒரு இமேஜாக எடுத்து வைப்பது. டீச்சருக்கு முதல் வகையே போதும், கூடவே மாசத்துக்கு ஒரு டிவிடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மறுநாள் சார் போனில் தயங்கித் தயங்கிப் பேசினார். மருமகன் இமேஜ் சாஃப்ட்வேர்தான் சரி என்கிறாராம். வைரஸ் வந்தாலும் ஒரே பட்டனில் எல்லாம் பழையபடி வந்துவிடுமாம். "மாப்ள அந்த வேலையிலயே இருக்காரு. அவர் சொல்லித் தட்டுனா நல்லா இருக்காது. தப்பா நெனச்சிக்காதீங்க தம்பி" என்றார்.

அதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. அந்த சாஃப்ட்வேரை எத்தனையோ ஆபீஸில் நானே போட்டிருக்கிறேன். வெளி டிஸ்க்கை மாட்டி முதல் இமேஜ் எடுத்தேன். வாரம் ஒருமுறை தானாகவே எடுக்கும்படி ஷெட்யூல் வைத்தேன். ரீஸ்டோர் செய்தால் கம்ப்யூட்டர் இமேஜ் எடுத்த நாளுக்கே திரும்பிவிடும், அதற்குப் பிறகு சேர்ந்தது அழிந்துவிடும், அதனால் டிஸ்க் எப்போதும் மாட்டியே இருக்க வேண்டும் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன்.

டீச்சர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒடம்புக்கும் இந்த மாதிரி ஒண்ணு இருந்தா தேவல" என்றார்.

2. பீரோவில் இருந்த டிஸ்க்

அந்தச் சமயம் கரண்ட் கட் ஜாஸ்தி. ஒருநாள் கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் பக்கத்து வீட்டு டிவி புகைந்துவிட்டது. சார் பயந்துபோனார். டீச்சர் குரல் இதில்தானே இருக்கிறது என்று வெளி டிஸ்க்கைக் கழற்றி, துண்டில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். வாரா வாரம் சாஃப்ட்வேர் டிஸ்க்கைத் தேடியிருக்கிறது. காணவில்லை என்று திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்திருக்கிறது. என்னவோ என்று அதை மூடிவிட்டிருக்கிறார்கள். டீச்சர் ஆபரேஷனுக்குப் போகும் வரை தினமும் பேசியது அத்தனையும் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருந்தது.

ஆபரேஷன் முடிந்து டீச்சர் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மாற்றுத்துணி எடுக்க சார் வீட்டுக்கு வந்திருக்கிறார். மகள் அம்மா போட்டோ கேட்டாள் என்று, யாரோ கொடுத்த பென்டிரைவைப் போட்டு அதிலிருந்து அனுப்பப் பார்த்திருக்கிறார். அதில் வைரஸ். கம்ப்யூட்டர் பாதியிலேயே நின்றுவிட்டது. துபாய்க்குப் போன் செய்தார். டிஸ்க்கை மாட்டுங்க மாமா, கடைசி இமேஜை எடுத்து ரீஸ்டோர் குடுங்க என்று மருமகன் சொல்லியிருக்கிறார். வாராவாரம் இமேஜ் எடுபடுகிறது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். டிஸ்க்கில் இருந்ததோ, டீச்சர் பேச ஆரம்பிக்கும் முன்பு நான் முதல்நாள் எடுத்த ஒரே இமேஜ். அதுதான் கடைசியும். சார் பட்டனை அமுக்கினார்.

3. பெயர்கள் மட்டும்

கம்ப்யூட்டரிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். என்னிடம் இருந்த ரெக்கவரி சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். ஃபைல் பெயர்கள் வந்தன. டீச்சர் ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்து வைத்த பெயர்கள்: பத்தியச் சாப்பாடு, பல் முளைக்கும்போது, மாப்பிள்ளையிடம் கோபம் வந்தால். ஒவ்வொன்றாகத் திறந்தேன். உள்ளே இரைச்சல்தான் இருந்தது. பழைய இமேஜ் அந்த இடத்தின் மேலேயே எழுதிவிட்டிருந்தது. அழிந்த ஃபைல்களை மீட்கும் பெரிய லேபில் வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவரிடமும் கேட்டேன். மேலே எழுதியதை யாராலும் எடுக்க முடியாது என்றார்.

போனில் சொல்ல மனம் வராமல் நேரில் போய்ச் சொன்னேன்.

"ஒண்ணுகூடவா?" என்றார் சார்.

இல்லை என்றேன். கிளம்பும்போது வாசல் வரை வருகிறவர் அன்று எழுந்திருக்கவில்லை.

4. டீச்சர் கேட்டது

டீச்சர் வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். கழுத்தில் சின்னத் துவாரம், அதன் மேல் வெள்ளைத் துணி. சார் ஆள் பாதியாகிவிட்டிருந்தார். என்னைக் கண்டதும் தலையை மட்டும் ஆட்டினார். டீச்சர் கையைக் காட்டி அவரை மருந்துக் கடைக்கு அனுப்பினார். அவர் தெருவில் இறங்கியதும் சிலேட்டை எடுத்து எழுதினார்.

'அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. என் முகத்தைப் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் டிஸ்க்கே கெட்டுப்போயிருந்தது என்று சொல்லிவிடுங்கள்.'

தொழிலில் நான் அப்படிப் பொய் சொன்னதில்லை என்று இழுத்தேன். அவர் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்.

'எனக்குத்தான் பேச முடியாது. அவரும் பேசுவதில்லை.'

சார் திரும்பி வந்ததும் சொன்னேன். டிஸ்க்கை நன்றாக செக் செய்து பார்த்தேன், அது முன்னாலேயே கெட ஆரம்பித்திருக்கிறது, வைரஸ் எல்லாம் சும்மா ஒரு சாக்கு என்றேன். அவர் கையில் மருந்துப் பையோடு நின்றபடியே கேட்டார்.

"அப்ப நான் அந்தப் பட்டன அமுக்கலன்னாலும் போயிருக்குமா?"

"போயிருக்கும் சார்."

மருந்துப் பையைக் கீழே வைத்தார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "கேட்டியா டீச்சர்" என்றார். அன்று நான் கிளம்பும்போது அவர் டீச்சர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மாத்திரையைப் பொடி செய்துகொண்டிருந்தார். புது டிஸ்க் ஒன்று போட்டுக் கொடுத்தேன். மாற்றிய பழைய பொருளைக் கஸ்டமரிடமே கொடுத்துவிடுவது என் வழக்கம். அதன்படி பழையதை அவரிடம் கொடுத்தேன்.

5. சார் சொன்னது

2012ல் டீச்சர் இறந்துபோனார். நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டிருந்தது. சில வாரம் கழித்து சார் கூப்பிட்டார். மகளோடு போய் இருக்கப் போகிறார், கம்ப்யூட்டரில் உள்ள போட்டோக்களைக் காப்பி எடுத்துத் தர வேண்டும் என்றார். காப்பி ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, அந்தப் பழைய டிஸ்க்க அப்பவே கடலூர்ல இன்னொரு கடையில குடுத்துப் பாத்தேன். ஒரு கொறையும் இல்லன்னாங்க."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர்தான சொல்லச் சொன்னா?"

"ஆமா சார்."

"தெரியும். நான் நம்பிட்டேன்னு அவளுக்கு ஒரு நிம்மதி. அத ஏன் கெடுப்பானேன்னு காட்டிக்கல. நல்லா சாப்ட்டேன். பேசுனேன். கடைசி வரைக்கும் அவ அப்டியே நெனச்சிருந்திருப்பா, இல்ல?"

"ஆமா சார்" என்றேன். டீச்சர் அப்படி நினைத்திருந்தாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? சார் தலையாட்டிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

இப்போது யாராவது பேக்கப்புக்கு எந்த சாஃப்ட்வேர் என்று கேட்டால் நான் பெயர் சொல்வதில்லை. திரும்ப வாங்க முடியாதது இந்த மெஷினில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்கிறேன். சாஃப்ட்வேரைப் போட்டபின், ஒரு ஃபைலை அவர்கள் கண் முன்னே அழித்து, அவர்கள் கையாலேயே திரும்ப எடுக்கச் சொல்கிறேன். எந்தத் தேதியில் எடுத்த பேக்கப் என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். பலருக்கு எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும். எவ்வளவு நல்ல சாஃப்ட்வேராக இருந்தாலும் அந்தத் தேதி வரைக்கும் உள்ளதைத்தான் அது தரும்.