சண்முகவடிவு கேட்க மறந்த கேள்வி

லிந்துலை டவுனில் பக்கீர் நானாவின் புடவைக்கடைக்கு மேலே மரப்படியேறிப் போனால் ஒரு சிவப்புத் திரை தொங்கும். அதற்கு உள்ளே ஆண்களுக்கு இடமில்லை. மாடியை வாடகைக்குக் கொடுத்த பக்கீர் நானாவே ஏதும் சொல்ல வேண்டுமென்றால் கடைசிப் படிக்கு முந்திய படியில் நின்று, திரையைப் பார்த்துத்தான் பேசுவார். திரைக்குப் பின்னால் இருப்பது சண்முகவடிவின் லேடீஸ் சலூன்.

சண்முகவடிவு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போய் ஒரு சலூனில் விழுந்த முடியைக் கூட்டும் வேலையில் சேர்ந்து, பதினொரு வருசத்தில் மணப்பெண் அலங்காரம் வரைக்கும் கற்றுக்கொண்டாள். பிறகு சாய்கிற நாற்காலி ஒன்றையும் தலை கழுவுகிற பேசின் ஒன்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டாள். முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "எனக்கு நானே தலை சீவ நேரமில்ல, இதுல மாப்பிள்ளையா?" என்பாள். தொழிலில் கெட்டிக்காரி. ஒரு தலையைத் தொட்டால் முடிக்காமல் படியிறங்க விடமாட்டாள்.

ஒரு குறை மட்டும் இருந்தது. லிந்துலைக் குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்கவே மாட்டாள். ஈரத்தலையோடு உட்காருகிற பெண்கள் நடுங்குகிறார்கள் என்று ஜன்னல் இடுக்குகளில் பழைய பேப்பரை மடித்துச் செருகியிருந்தாள். காற்று உள்ளே வராது. முடிக்குப் பூசுகிற மருந்தின் மணமும் வெளியே போகாது. போனால் படிவழியாகக் கீழே இறங்கி, பக்கீர் நானாவின் புதுச் சேலைகளில் உட்கார்ந்துகொள்ளும்.

"தங்கச்சி, சேலைய மோந்து பாத்துட்டு ஆக்கள் திருப்பித் தாறாங்க" என்று அவர் படியில் நின்று சொல்வார்.

"இந்தா திறக்கிறேன் நானா" என்பாள். திறக்க மாட்டாள்.

இப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை நிஷாந்தி வந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு எட்டு மாசமான பெண். புருசன் கிஷாந்த் கொழும்பில் போன் கடையில் வேலை. மாமியார் வேலாயி கொழுந்து எடுக்கிறவள். அடுத்த புதன்கிழமை கந்தப்பளைக் கோயிலில் நிஷாந்தியின் அண்ணனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் தங்கச்சி என்பதால் பெண்ணுக்குப் பின்னால் நின்று தாலி முடிச்சுப் போட வேண்டியவள் அவள்தான்.

"எல்லாப் போட்டோவிலயும் எந் தலதான் நடுவுல வரும் வடிவக்கா. இந்தச் சுருட்டைய நேராக்கி விடுங்க" என்றாள்.

அடர்த்தியான முடி. கம்பிச் சுருள் மாதிரி எழும்பி நின்றது. சண்முகவடிவு ஒற்றை ஆள் என்பதால் நேராக்குகிற வேலையை எப்போதும் பாதி பாதியாகத்தான் செய்வாள். இடப்பக்கத்துக்கு மருந்து பூசி, ஊறவிட்டு, கழுவி, அயன் பிடித்து முடித்துவிட்டுத்தான் வலப்பக்கத்தைத் தொடுவாள். அன்று இடப்பக்கம் அருமையாக வந்தது. தேயிலைத் தூள் வழுக்குகிற மாதிரி முடி தோளில் வழுக்கி விழுந்தது. வலப்பக்கத்துக்காக இரண்டாவது டப்பாவைத் திறந்ததும், நிஷாந்தி நாற்காலியை விட்டு எழுந்து பேசினுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். டப்பாவைப் பார்த்தாள். திரும்பவும் ஓடினாள்.

சண்முகவடிவு சீப்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நிஷாந்தி, எத்தன மாசம்?"

அவள் இரண்டு விரலை மட்டும் காட்டினாள்.

அந்த இரண்டு விரலைப் பார்க்கக் கூடாத ஒரு ஆள் அங்கே இருந்தது. வேலாயியின் லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் பேச்சியம்மா, நரைக்குக் கறுப்பு மை பூசிக்கொண்டு, தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டியபடி மூலையில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் இருபது நிமிசத்தில் கழுவ வேண்டிய தலை அது. சண்முகவடிவு திரும்பிப் பார்த்தபோது மூலையில் நாற்காலி மட்டும்தான் இருந்தது. பேச்சியம்மா பையோடு படியிறங்கி, ஆட்டோ பிடித்து, தோட்டத்துக்கே போய்விட்டாள்.

"எங்க மாமிக்குத் தெரியாதுக்கா" என்று நிஷாந்தி அழுதாள். "தெரிஞ்சா கல்யாணத்துக்கே விடாது. ஆட்டங்கொடுக்கிற ரோடு, வேன்ல போகக்கூடாதுன்னு காம்பராவுலயே உக்கார வச்சிரும். அவரு கல்யாணத்துக்கு வருவாருல்ல, நேர்ல சொல்லலாம்னு இருந்தேன்."

"மருந்து பூசுறதுக்கு முந்தி எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா புள்ள?"

"நீங்க கேக்கலியேக்கா!"

அந்த வார்த்தை சண்முகவடிவை ஒரு அடி அடித்த மாதிரி இருந்தது. முடியில் பேன் இருக்கிறதா, மருதாணி போட்டதுண்டா, தலையில் புண் இருக்கிறதா என்று எல்லாம் கேட்பவள், இதை மட்டும் ஒருவரிடமும் கேட்டதில்லை. ஊருக்கு வந்த ஏழு வருசத்தில் முதல் தடவையாக ஒரு தலையைப் பாதியில் விட்டு, மேலே ஒரு துணியைக் கட்டி அனுப்பினாள்.

பேச்சியம்மா கொண்டுபோன சேதி லயம் முழுக்கப் பரவி, பரவும்போதே வளர்ந்தது. மருந்து மூளைக்கு ஏறிவிட்டது என்றது ஒரு வீடு. பிள்ளை பாதித் தலை சுருட்டையும் பாதித் தலை நேராகவும் பிறக்கும் என்றது இன்னொரு வீடு. யாரோ ஒரு இளவட்டம் ஃபேஸ்புக்கில் 'அப்பா ஆகப்போகும் மச்சான் கிஷாந்துக்கு வாழ்த்துக்கள்' என்று போட்டுவிட, கொழும்பிலிருந்து நிஷாந்திக்கு அழைப்பு வந்தது.

"என்னாடி இது, நான் அப்பாவாம்! முப்பத்தெட்டுப் பேரு லைக் போட்டிருக்கான். எனக்குத்தான் தெரியல."

மறுநாள் காலை சலூன் திறந்த கையோடு மூன்று பேர் படியேறி வந்தார்கள். முன்னால் வேலாயி. நடுவில் துணி கட்டிய நிஷாந்தி. பின்னால் பேச்சியம்மா. மூன்று மணி நேரம் மையைக் கழுவாமல் விட்டதில் அவளுடைய நெற்றியும் இரண்டு காதுகளும் தலையோடு சேர்ந்து கறுத்திருந்தன.

"ஏம்மா வடிவு, எம் பேரப்புள்ள சேதி எனக்கு முந்தி ஒனக்கு எப்புடித் தெரிஞ்சிச்சு?" என்று வேலாயி ஆரம்பித்தாள்.

"வாந்தி எடுத்துச்சுங்கம்மா. அதான் கேட்டேன்."

"வாந்தி எடுக்க வச்சதே ஒன் மருந்துதானே? புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

சண்முகவடிவும் இரவெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். டப்பாவில் இருந்த சின்ன எழுத்தைப் படித்துப் பார்த்தால் பாதி இங்கிலீஷ், மீதி என்ன பாஷையென்றே தெரியவில்லை. 'ஒன்னும் ஆகாது' என்று சொல்ல வாய் வந்தது. தெரியாததைச் சொல்ல மனசு வரவில்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றாள்.

சண்டைக்கென்று வந்த வேலாயிக்கு இது பெரிய ஏமாற்றம். எதிர்த்துப் பேசினால்தானே மேலே பேசலாம்? அப்போது திரைக்கு வெளியே படியில் ஒரு இருமல் கேட்டது.

"நான் உள்ளுக்கு வரல்ல" என்றார் பக்கீர் நானா. "சத்தம் கீழ கேக்குது, அதுதான். இன்டைக்கு கிளினிக் நாள். வினோதா மிஸ் இருப்பாங்க. தெரிஞ்ச ஆள்கிட்ட கேட்டா முடிஞ்சிச்சே."

மிட்வைஃப் வினோதா மிஸ்ஸின் கிளினிக்குக்கு ஒரே ஆட்டோவில் நான்கு பேரும் போனார்கள். பேச்சியம்மாவை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் முதலில் ஏறி உட்கார்ந்தவள் அவள்தான். சண்முகவடிவு மருந்து டப்பாவை ஒரு பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

வினோதா மிஸ் முதலில் நிஷாந்தியின் துணியை அவிழ்த்தார். இடப்பக்கத்தைப் பார்த்தார். வலப்பக்கத்தைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிடாமல் இருக்க, பதிவுப் புத்தகத்தைத் தேடுகிற மாதிரி மேசைக்குக் கீழே குனிந்துகொண்டார்.

"மிஸ், புள்ள பாதித் தல சுருட்டையாப் பொறக்குமா?" என்றாள் வேலாயி.

"அப்படியெல்லாம் இல்லம்மா. தல முடிக்குப் போட்ட மருந்து புள்ளையோட முடிக்குப் போகாது. தோல் வழியா ஒடம்புக்குள்ள போறதே ரொம்பக் கொஞ்சம். ஒரு தடவ பாதித் தலைக்குப் போட்டதுக்கு யாரும் அழ வேணாம்." அவர் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா இத முழுக்க நல்லதுன்னும் நான் சொல்ல மாட்டேன். புள்ளத்தாச்சிங்களுக்கு இது என்னா செய்யும்னு ஆராய்ச்சி கொஞ்சந்தான் நடந்திருக்கு. அதனால மொத மூணு மாசம் தள்ளிவைக்கச் சொல்றோம். முடிய நேராக்குற சில மருந்து, கெரட்டின்னு சொல்றாங்களே அது, சூடு பட்டதும் ஃபோமலின் மாதிரி ஒரு ஆவி வரும். போத்தல்ல இல்லன்னு எழுதியிருந்தாலும் வரும். அது புள்ள பொறக்கிற வரைக்கும் வேணவே வேணாம்."

"மை?" என்றாள் பேச்சியம்மா.

"ஒங்களுக்கு எத்தன மாசம்?"

"ஐயோ, எனக்கு அறுபத்திரண்டு வயசு மிஸ்!"

"அப்ப கழுவினாப் போதும்."

பிறகு வினோதா மிஸ் சண்முகவடிவு பக்கம் திரும்பினார். "ஒன் சலூன்ல ஜன்னல் இருக்கா?"

"இருக்குங்க மிஸ்."

"தொறக்கிறதுண்டா?"

சண்முகவடிவு இடுக்கில் செருகிய பேப்பரைச் சொன்னாள். "அவளுக்கு ஒரு நாள் மணம். ஒனக்குத் தினமும். மொதல்ல ஒன் நெஞ்சுக்காகத் தொற" என்றார் மிஸ். ஏழு வருசமாகப் பக்கீர் நானா சொல்லிக் கேட்காதவள், அன்று சாயங்காலமே ஜன்னல் இடுக்குப் பேப்பர்களை எல்லாம் உருவி எறிந்தாள்.

நிஷாந்தி கல்யாணத்துக்குப் போகலாம், வேன் மெதுவாகப் போகட்டும் என்று மிஸ் சொல்லிவிட்டதால் வேலாயியும் சம்மதித்துவிட்டாள். பாதித் தலைதான் மிச்சம். மருந்தில்லாமல் வெறும் சூட்டு அயனால் வலப்பக்கத்தை நேராக்கி விடுவதாகச் சண்முகவடிவு பொறுப்பேற்றாள். புதன்கிழமை விடியற்காலையில் அவளும் கல்யாண வேனில் ஏறி, கந்தப்பளைக் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் நிஷாந்தியை உட்கார வைத்து, ஒரு மணி நேரம் அயன் பிடித்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வந்தது. கிஷாந்த் பஸ்ஸிலிருந்து நேராக வந்து, பெண்டாட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தான்.

"ரெண்டு மாசத்துல இவ்வளவு மாற்றமா?" என்றான்.

"போங்க. ஃபேஸ்புக்குல பாத்துத் தெரிஞ்சுக்கிட்ட ஆளுதானே நீங்க" என்றாள் அவள். அவனுக்குக் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, பிறகு கையைப் பிடித்துக்கொண்டாள்.

முகூர்த்தத்துக்கு அரை மணி இருக்கும்போது மிஸ்ட் என்கிற பனிமூட்டம் இறங்கியது. கந்தப்பளையில் மிஸ்ட் இறங்கினால் எதிர்வரிசைத் தேயிலையே தெரியாது. அயனில் நேரான முடிக்கு ஈரம் பட்டால் என்ன ஆகும் என்பது சண்முகவடிவுக்குத் தெரியும். சனத்துக்குள்ளிருந்து அவள் கையைப் பிசைந்துகொண்டு பார்த்தாள். மேளம் கொட்டக் கொட்ட நிஷாந்தியின் வலப்பக்க முடி ஒவ்வொரு சுருளாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவள் முடிச்சைப் போட்டு நிமிர்ந்தபோது இடப்பக்கம் அருவி, வலப்பக்கம் புதர். நுவரெலியாவிலிருந்து வந்திருந்த சிங்களப் போட்டோகிராபர் கமராவைக் கீழே இறக்கி, துடைத்து, திரும்பவும் பார்த்தார். "நங்கி, பொட்டக் ஹெரென்ன" என்று கொஞ்சம் திரும்பச் சொன்னார். திரும்பினாள். மற்றப் பக்கத்தைப் பார்த்ததும், முந்திய மாதிரியே நிற்கும்படி கையைக் காட்டிவிட்டார்.

அந்தக் கல்யாண ஆல்பத்தில் மணமக்களைப் பார்த்தவர்கள் குறைவு.

பிள்ளை ஐப்பசியில் பிறந்தது. பெண் பிள்ளை. நல்ல எடை, நல்ல தொண்டை. தலையில் மட்டும் பேருக்குக்கூட முடியில்லை. "பாத்தியா, மருந்து வேல காட்டிருச்சு" என்றாள் பேச்சியம்மா. வேலாயி அவளை முறைத்துப் பார்த்து, "எம் மகனும் இப்படித்தான் மொட்டையாப் பொறந்தான். அப்ப எந்தச் சலூன் இருந்துச்சு?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள். சண்முகவடிவு ஒரு கம்பளித் தொப்பி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு மருந்து வேலைக்கு யார் வந்தாலும் சண்முகவடிவு முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்டாள். கேட்பது எளிதாக இல்லை. கல்யாணமாகாத டீச்சர் ஒருத்தி கேட்டவுடன் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தோட்டத்தில் வேலை வாங்குகிற கண்டாக்கையாவின் வீட்டம்மா, "ஏன், நான் குண்டாயிட்டேனா?" என்று மூன்று மாசம் வரவில்லை. சொன்னவர்களுக்கும் நிம்மதியில்லை. மருந்து வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால், அடுத்த நாற்காலியில் இருப்பவளுக்கு விசயம் விளங்கிவிடும். மருமகளின் சேதி தெரிந்துகொள்ள நாலு மாமியார்மார் வேண்டுமென்றே 'போய் முடிய நேராக்கிட்டு வா' என்று காசு கொடுத்து அனுப்பியதாகவும் பேச்சு.

கடைசியில் சண்முகவடிவே ஒரு வழி கண்டுபிடித்தாள். தலை கழுவ பேசினில் சாய வைத்து, தண்ணீரைப் பலமாகத் திறந்துவிட்டு, காதுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்பாள். தண்ணீர்ச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது. பதிலுக்குத் தலையை ஆட்டினால் போதும். ஆமென்று ஆட்டியவர்களுக்கு ஜன்னலோரமாக முடி வெட்டி, எண்ணெய் தேய்த்து, தலை பின்னி அனுப்பினாள்.

யாரிடமும் கேட்காமல் விடுவதில்லை என்பதால், ஒரு நாள் நரைக்கு மை பூச வந்த பக்கீர் நானாவின் மனைவி கமறியாவிடமும் கேட்டுவிட்டாள். கமறியாவுக்கு ஐம்பத்தைந்து வயது, பேரப்பிள்ளைகள் மூன்று. பேசினில் சாய்ந்தபடியே சிரிக்கத் தொடங்கியவர், தண்ணீர் மூக்கில் ஏறி, எழுந்து உட்கார்ந்து, இருமி, மறுபடி சிரித்தார். ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரையை விலக்கி, படியில் நின்றே கீழே கூப்பிட்டார்.

"இஞ்ச கேட்டீங்களா? வடிவு புள்ள என்னெப் பாத்து முழுகாம இருக்கிறீங்களாண்டு கேக்குது!"

கீழே பக்கீர் நானா இரண்டு மீற்றர் கேட்டவருக்கு மூன்று மீற்றர் துணியைக் கிழித்துவிட்டார்.

அடுத்த வாரமே கமறியா திரும்பவும் படியேறி வந்தார். தலையில் ஒரு வெள்ளை முடிகூடத் தெரியவில்லை. பேசினில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, "ம், தண்ணியத் தொறந்துட்டுக் கேளு புள்ள" என்றார்.