‘யாரும் இல்லை’ என்ற பொத்தான்

நான் மூன்றாவது படித்தபோது ஒரு வாரம் எங்கள் வீட்டில் ஒரு செல்போன் விருந்தாளியாகத் தங்கியிருந்தது. மனிதர்கள் அன்றாடம் யாரோடு இருக்கிறார்கள், அப்போது மனசு எப்படி இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்த ஒரு அக்கா, வேலூரிலிருந்து ஆம்பூருக்கு வந்து, ஷூ கம்பெனியில் தைக்கும் பெண்கள் சிலருக்கு ஆளுக்கொன்று கொடுத்திருந்தார். அதில் ஒன்று அம்மாவுக்கு. நினைத்த நேரத்தில் மணி அடிக்கும். உடனே இரண்டு கேள்விக்குப் பதில் அமுக்க வேண்டும். இப்போது உங்களுடன் யார்? மனசு எப்படி? இரண்டாவதற்கு சிரிக்கிற முகம், சோர்ந்த முகம் என்று பொம்மைகள் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்து நகத்தில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, ஆண்டுவிழா நடனத்தில் என்னைப் பின்வரிசைக்குத் தள்ளிய அநியாயத்தை மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. அம்மா ‘யாரும் இல்லை’யை அமுக்கினாள். அவ்வளவுதான், அதற்குமேல் என் கண் எதையும் பார்க்கவில்லை.

பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. அம்மா துணி துவைத்தால் வாளியருகே நின்றேன், படுத்தால் முதுகோடு ஒட்டினேன், வாய் மூடவேயில்லை. மத்தியானம் மறுபடி மணி. மறுபடி ‘யாரும் இல்லை’. நான் யாருமே இல்லையா என்று அம்மாவிடம் கேட்கப் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அப்பாவிடம் போய், நான் இருக்கிறேனா என்று கேட்டேன். “இன்னாடி கேள்வி இது, பேஜார் பண்ணாத” என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் அம்மா குழாயடிக்குப் போயிருந்தபோது மூன்றாவது மணி அடித்தது. நான் ‘மகள்’ என்பதை அமுக்கினேன். இருக்கிற முகங்களிலேயே பெரிதாகச் சிரிக்கிற முகத்தையும் அமுக்கினேன்.

போனை வாங்க வந்த ஆராய்ச்சிக்கார அக்கா அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “வாரம் பூரா ஆளுங்க கூடவே இருந்திருக்கீங்க, சோர்ந்த முகம். ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு தபா தனியா, சிரிச்ச முகம். எங்க போனீங்கக்கா?”

“எங்கியும் போகலமா, வூட்லயேதான் இருந்தேன்.”

“சாயங்காலம் பொண்ணு கூட இருந்திருக்கீங்க. அதுக்கும் சிரிச்ச முகம்.”

அம்மா என்னைப் பார்த்தாள். “ஆமா, அதுவும் கரெக்டுதான்” என்றாள்.

ஜெயித்துவிட்டேன் என்று தெருவெல்லாம் ஓடினேன். அந்த ஒரு வார்த்தையைப் பல வருஷம் பரிசுக் கோப்பையாக வைத்திருந்தேன். அதற்கு முன் அந்த அக்கா சொன்ன, ‘தனியா’ இருந்தபோதைய இரண்டு சிரித்த முகங்கள் என் காதில் ஏறவேயில்லை.

இப்போது நானும் கம்பெனி பஸ்ஸில் இடிபட்டுப் போகிறேன், நாள் முழுக்க ஆட்களுக்கு நடுவே வேலை செய்கிறேன், நான்கு பேர் தங்கும் அறைக்குத் திரும்புகிறேன். சில நாள் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைக்கூடத் திறக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பேன். அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போயிருந்தாள் என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. நாள் பூராவும் அவள் கையைப் பிடித்துத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தவள் நான்.