வளராத மீன்கள்

சாயப்பட்டறையில் அவரை எல்லோரும் மீன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாழ்நாளில் ஒரு மீன்கூட அவர் விற்றதில்லை, வாங்கியதோடு சரி. பட்டறையின் கழிவுநீரைச் சுத்தம் செய்து வாய்க்காலில் விடுவது அவர் வேலை. அப்படி விடுவதற்கு அரசு அனுமதி வேண்டும். அனுமதியில் பதினான்கு நிபந்தனைகள். ஒன்பதாவது: வாய்க்காலுக்குப் போகுமுன் தண்ணீர் ஒரு தொட்டி வழியாகப் போக வேண்டும், அந்தத் தொட்டியில் மீன் உயிரோடு இருக்க வேண்டும்.

மீன் உயிரோடுதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை செத்துப்போகும், புதன்கிழமை அவர் புதிதாக ஆறு வாங்கி வந்து விட்டுவிடுவார். கழிவுநீர் சுத்தமாகக் காற்று ஊதும் மோட்டார் புகைந்துபோய் மூன்று வருஷம். "பாத்துக்கலாம்" என்றார் முதலாளி. மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மீன்காரர் வீடு வாய்க்காலின் கீழ்ப்பக்கம். மனைவி அந்தத் தண்ணீரில்தான் துணி துவைப்பாள். முழங்கை வரை தடிப்பு. "சோப்ப மாத்திப் பாரு" என்பார் இவர். நாலு சோப்பு மாற்றியாயிற்று. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மனுஷனுக்கு நெஞ்சு குறுகுறுக்கும்.

அனுமதியைப் புதுப்பிக்க வந்த அதிகாரி அம்மாள் தொட்டியருகே வெகுநேரம் குனிந்து நின்றார்.

"போன வருஷமும் இதே அளவுதான் இருந்துச்சு. அதுக்கு முந்தின வருஷமும். இதுங்க வளரவே வளராதா?"

"குட்டை ஜாதி, மேடம்" என்றார் முதலாளி, வாய் கூசாமல். "அப்படித்தானே?" என்று மீன்காரர் பக்கம் திரும்பினார்.

ஆமாம் என்றால் அனுமதி. இல்லையென்றால் பட்டறைக்குப் பூட்டு. நாற்பது பேருக்கு வேலையில்லை, அவரையும் சேர்த்து. மீன்காரருக்கு அந்த முழங்கை கண்முன் வந்து நின்றது.

"நேத்து வாங்கினது, மேடம். போன வாரம் விட்ட ஆறும் செத்துப்போச்சு. மோட்டார் ஓடல."

பட்டறை ஐந்து வாரம் மூடிக் கிடந்தது. தெருவில் ஒருவரும் அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மோட்டார் வாங்கிப் போட்டார். இவரை வேலையை விட்டு எடுக்கவில்லை. எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது வேறு யாருக்கும் தெரியாது.

மோட்டார் ஓடத் தொடங்கியபோது விட்ட அதே ஆறு மீன் அடுத்த வருஷமும் தொட்டியில் உயிரோடு இருந்தது. ஒன்றை வலையில் பிடித்து அளவுகோல் வைத்துப் பார்த்தார். பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினார்: மீன் ஒரு அங்குலம் கூடியிருக்கிறது.

சாயங்காலம் மனைவியின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடிப்பு இல்லை. அவளும் பார்த்தாள்.

"பாவம்ங்க, அந்த நாலு சோப்பு" என்றாள்.