காப்பு கட்டிய பதினைந்து நாள்

எங்கள் அம்மா மொரப்பூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ஐந்து பெண்களில் நான்காவதாகப் பிறந்தார். பாலக்கோடு பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் தக்காளித் தோட்டத்து வெயிலில்தான் இருந்தார். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பத்து வயது, எனக்கு ஆறு. எங்களை அம்மா எப்படி வளர்த்தார் என்பது இந்த நினைவு மலரை வாங்கும் உங்களுக்கெல்லாம் தெரியும். அவருடைய நற்குணங்களை அண்ணன் வேறு பக்கத்தில் எழுதியிருக்கிறார். அம்மா எப்படி இறந்தார் என்பதை நான் எழுதுகிறேன்.

அம்மாவின் இடது கன்னத்தில் துவரம்பருப்பு அளவில் ஒரு கட்டி வந்தது. சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். சூட்டுக் கட்டி என்று எல்லோரும் சொன்னார்கள், நானும்தான் சொன்னேன். சந்தனம் அரைத்துப் பூசினோம். “வலிக்கவே இல்ல கண்ணு, இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?” என்றார் அம்மா. இரண்டே மாதத்தில் அது நெல்லிக்காய் அளவானது. தருமபுரியில் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். அபூர்வமான தோல் புற்றுநோய், வேகமாகப் பரவும் என்று சொல்லிச் சேலத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கிருந்த பெண் மருத்துவர், “கழுத்துல இன்னும் நெறி கட்டலைம்மா, அங்க பரவலை. இப்பவே எடுத்துட்டா நல்லது. புதன்கிழமை வந்து அட்மிட் ஆயிடுங்க” என்றார்.

அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, ஊர் மாரியம்மனுக்குக் காப்பு கட்டினார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடியும் வரை பதினைந்து நாளும் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. கட்டி கரைய வேண்டும் என்று தீச்சட்டி எடுப்பதாக வேண்டியிருந்த அம்மா, தன் கையிலும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார். அண்ணன் விழாக் கமிட்டியில் இருந்தார்.

“அண்ணா, கயித்த அவுத்துட்டுக் கூட்டிட்டுப் போலாங்க” என்றேன்.

“பேசாத பாப்பா. ஊருக்கே தெய்வக்குத்தம் ஆயிடும். பதினஞ்சு நாள்ல என்ன ஆயிடப் போவுது?”

வீடு நிறைய உறவுக்காரர்கள். ஒருவரும் என் பக்கம் பேசவில்லை. “அம்மன் பாத்துக்குவா, நீ சும்மா இரு கண்ணு” என்றார் அம்மா. அரூரில் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியை நான். சும்மா இருந்தேன்.

அம்மா தீச்சட்டி எடுத்தார். ஊரே மெச்சியது. திருவிழா முடிந்து சேலத்துக்குப் போனால் அறுவை சிகிச்சைக்கான முறை கைவிட்டுப் போயிருந்தது. அடுத்த முறை வருவதற்குள் கழுத்தில் நெறி கட்டிவிட்டது.

மருத்துவர் பல காரணங்கள் சொன்னார். வயது எழுபதைத் தாண்டியது, கட்டி பெரிதானது. மூட்டு வலிக்கென்று அம்மா பல வருடம் சாப்பிட்ட மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைத்திருக்கும் என்றார். சீட்டில்லாமல் கடையில் அதை வாங்கிக் கொடுத்தவள் நான்தான். எல்லாவற்றையும்விட, நெறிக்குப் பரவும் முன் வருவதும் பரவிய பின் வருவதும் ஒன்றல்ல என்றார். அந்தப் பதினைந்து நாள்தான் காரணமா என்று கேட்டேன். “அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா” என்றார். அவர் நல்லவர். எனக்கு அது போதவில்லை.

அறுவை, கதிர்வீச்சு எல்லாம் செய்தும் ஏழு மாதம்தான் இருந்தார். கடைசி வாரத்தில் ஒரு மதியம், வாய் திறக்கவே சிரமப்பட்டுக் கேட்டார்: “அன்னிக்கே போயிருக்கலாமா கண்ணு?” இல்லைம்மா என்று பொய் சொன்னேன். துக்கத்துக்கு வந்தவர்கள் அம்மன் கூப்பிட்டுக்கொண்டாள் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. கதிர்வீச்சுக்குப் போன நாளெல்லாம் வாசல் வரை வந்து ஏற்றிப்போன ஆட்டோக்காரத் தம்பிக்கும், அம்மா மெல்ல முடியாதபோது கேழ்வரகுக் கூழை வடிகட்டிக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், கடைசிவரை முகம் சுளிக்காமல் புண்ணுக்குக் கட்டுப் போட்ட செவிலியர்களுக்கும் எங்கள் வணக்கம். விழாக் கமிட்டியையும் சேர்த்து எழுதச் சொன்னார் அண்ணன். நான் எழுதவில்லை.

அடுத்த மாதம் ஊரில் மறுபடியும் காப்பு கட்டுகிறார்கள். இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது வலிக்காத ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்தால், கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறுங்கள். அம்மன் கோபித்துக்கொண்டால் அந்தக் குற்றம் என்னைச் சேரட்டும்.