மங்களம் பாடாத ராணி

மொன்றியலில் அழுவதென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் அழ வேண்டும். எங்கள் அப்பார்ட்மென்டில் இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். ஒரு சனிக்கிழமை காலை தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து கொஞ்சம் சத்தமாகவே அழுதுவிட்டேன். உடனே கதவில் தட்டு. பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரி மடம் லூசி, கையில் தொலைபேசியோடு நிற்கிறார். பொலிசுக்கு அடிக்கட்டுமா என்று கண்ணாலேயே கேட்கிறார். "தெலெவிசியோன், மடம், தெலெவிசியோன்" என்று உள்ளே கையைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். திரையில் பட்டும் முடியுமாக ஒரு ராணி பாடிக்கொண்டு நின்றாள். "ஆ, கொமெடி முசிக்கால்!" என்று முகம் மலர்ந்து, பாட்டுக்குத் தோளையும் இரண்டு தரம் ஆட்டிவிட்டுப் போனார். ஊரிலென்றால் அழுகைச் சத்தத்துக்கு வந்தவள் பக்கத்தில் குந்தியிருந்து தானும் ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் போவாள். மடத்தைக் குறை சொல்லவில்லை. ஓடி வந்தாரே, அதுவே பெரிது.

அது எங்கள் பக்கத்துக் கோயில் மேடைகளில் காலங்காலமாக ஆடிய இசைநாடகம். வேட்டைக்குப் போன ராசா திரும்பவில்லை. ராணி காடு காடாய்த் தேடிப் பாடுகிறாள். கடைசியில் ராசா வந்துவிடுவார், எல்லோரும் நிரையாக நின்று மங்களம் பாடுவார்கள். இங்கேயுள்ள தமிழ்த் தொலைக்காட்சி ஒன்று அதைப் புதிதாகப் படம்பிடித்துப் போட்டது. ராணியின் புலம்பலோடு நிறுத்தி, பெயர்களை ஓடவிட்டுவிட்டார்கள். நவீன முடிவாம்.

அன்று முழுக்க வட்ஸ்அப் குழுவில் தீபாவளிதான். காட்டில் அலைகிறவளின் சேலையில் ஒரு மடிப்புக் குலையவில்லையே என்று லவாலில் இருந்து ஒருத்தி. ஹார்மோனியம் எங்கே, இது கீபோர்ட் அல்லவா என்று இன்னொருவர். எங்கள் கட்டடத்தில் இருக்கும் சென்னைப் பிள்ளை ஒன்று, "ஆன்ட்டி, ஒரு தண்ணி கேக்கக்கூட ஏன் பாடுறாங்க?" என்று லிஃப்டில் வைத்துக் கேட்டாள். எல்லோரும் எல்லாம் சொன்னார்கள். மங்களம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்று சொல்கிறேன். ஊரில் அந்த ராணி என் அண்ணை. பெண் வேடமும் ஆண்களே கட்டுகிற மேடை அது. அண்ணை சேலை கட்டி வந்து நின்றால் அம்மாவே ஒரு கணம் தடுமாறுவா. மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, தன் கூறைச் சேலையைத்தான் கொடுத்துவிடுவா. "என்னைவிட உங்கடை அண்ணைக்குத்தானடி இது வடிவு" என்று நொடித்துக்கொண்டே கொசுவம் பிடித்துவிடுவா. அந்தக் குழுவில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மழை வந்து நாடகம் குழம்பினாலும், சனம் அடிபட்டுக் குழம்பினாலும், இரண்டு வரி மங்களமாவது பாடாமல் ஒருவரும் முகப்பூச்சைக் கழுவக்கூடாது. பாதியில் விட்ட கதை ஆடினவனின் வீட்டுக்கு வந்துவிடும் என்ற பயம்.

கடைசியாக ஆடியபோது ராணி புலம்பிக்கொண்டிருக்கையில் ஷெல் விழத் தொடங்கியது. ஆளுக்கொரு பக்கமாக ஓடினோம். அண்ணை பதுங்குகுழிக்குள் இருந்தே சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "மங்களம்?" என்று கேட்டேன். "உயிர் தப்பினாப் பாடுவம், விடு" என்றார். ஒன்பதாம் நாள் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவரைச் சோதனைச் சாவடியில் மறித்ததைக் கண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. முப்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது.

மச்சாள் இன்றைக்கும் பொட்டு வைக்கிறா. தாலியைக் கழற்றவில்லை. அண்ணைக்கு அந்தியேட்டி செய்து ஈமக்கடனை முடிக்க வேண்டும், அந்த ஆத்மா அலையக்கூடாது என்பது என் பிடிவாதம். இரண்டு தரம் வாய்விட்டுக் கேட்டேன். இரண்டாம் தரம் ஒரு வருசம் என்னோடு கதைக்கவில்லை. அவ சம்மதிக்காமல் நான் செய்யவும் முடியாது. பனி கொட்டுகிற ஊரில் இருந்துகொண்டு, அண்ணையை எப்படியாவது கரைசேர்த்துவிட வேண்டும் என்று கிடந்து உழன்றேன்.

அடுத்த சனிக்கிழமை அதே தொலைக்காட்சியில் நேயர்கள் கருத்துச் சொல்லும் நேரம். போன் அடித்து அடித்து, ஒருவாறு எனக்கு லைன் கிடைத்தது.

"வணக்கம் அம்மா, நாடகம் எப்பிடி இருந்தது?" என்றான் அறிவிப்பாளப் பெடியன்.

"மங்களம் பாடாமல் விட்டிட்டியள் தம்பி. அது பெரிய பிழை. நான் பாடி முடிக்கிறன்."

"பாட்டுப் போட்டி பிறகுதான் அம்மா, அதுக்கு வேற நம்பர்…"

யார் கேட்டது அவனை? நான் தொடங்கிவிட்டேன். அண்ணை பாடுகிற மெட்டில், என் கட்டைக் குரலில், நாலு வரியும் பாடினேன். அவனும் மரியாதைக்கு விட்டுவிட்டான். முடிந்ததும் மிசினால் கைதட்டல் போட்டார்கள். போனை வைத்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. முகத்தைக் கழுவினேன். அண்ணையின் முகப்பூச்சைக் கழுவியதாகவே நினைத்துக் கழுவினேன்.

துவாயைப் போடமுதல் போன் அடித்தது. ஊரில் இரவுச் சாப்பாட்டு நேரம். மச்சாள்.

"எடி சறோ, நீ ஆரடி முடிச்சு வைக்க?"

மச்சாளும் ஊரில் இருந்து அதே தொலைக்காட்சியை யூரியூபில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறா. அதை நான் யோசிக்கவேயில்லை.

"நானும் அந்த நாடகம் பாத்தனான். ராணி பாடிக்கொண்டு நிக்க அப்பிடியே விட்டாங்கள். எனக்கு அதுதானடி சரியெண்டு பட்டுது. இவ்வளவு காலத்திலை எனக்குச் சரியா ஒரு நாடகம் இப்பதான் வந்தது. அதையும் நீ வந்து…" குரல் உடைந்தது. "மங்களம் பாடினா எல்லாரும் எழும்பிப் போயிடுவினம் சறோ. அவர் வரேக்கை ஆர் இருக்கிறது?"

போன் வைக்கப்பட்டது. நான் துவாயோடு குசினிக்குள் நின்றேன். நான் விசரி. அண்ணையைக் கரைசேர்க்கிறேன் என்று, மச்சாள் உட்கார்ந்திருந்த பாயை இழுத்துச் சுருட்டியிருக்கிறேன். ஒரே மனிதனுக்காகத்தான் இருவரும் அழுகிறோம். ஆனால் அவ காத்திருந்த அவ்வளவு காலமும் நான் இங்கே வேலைக்குப் போய், பிள்ளைகளைப் பிரெஞ்சில் படிக்கவிட்டு, வாழ்ந்து முடித்துவிட்டேன். முடிக்க வேண்டிய அவசரம் எனக்குத்தான் இருந்தது, அவவுக்கு இல்லை.

மூன்றாம் சனிக்கிழமை, நேயர் விருப்பத்துக்கு இணங்க என்று சொல்லி, முடிவையும் மங்களத்தையும் படம்பிடித்துச் சேர்த்து நாடகத்தை மறுபடி போட்டார்கள். என் பேச்சு எடுபட்டுவிட்டது! ராணி புலம்புகிற கட்டத்தில் போன் அடித்தது. மச்சாள்தான். கோபம் ஆறியிருந்தது.

"சறோ, அண்டைக்குக் கோவத்திலை கத்திப்போட்டன். மனசிலை வையாதை. பிறகு நான் அந்த ரீவி பாக்கவுமில்லை."

"ஐயோ மச்சாள், நானெல்லோ பிழை விட்டனான்."

"சாப்பிட்டியே? அங்கை சரியான குளிரே?"

"ஓம், குளிர்தான்."

திரையில் காட்டின் நடுவே ராசா வந்து நின்றார். ராணி ஓடி வந்தாள். எல்லோரும் நிரையாக நின்று வாயெடுக்க, ஹார்மோனியம் உயர்ந்தது. இந்த முறை உண்மையான ஹார்மோனியம்.

"உங்கை என்னடி, பாட்டுக் கேக்குது?"

ரிமோட்டைத் தேடிச் சத்தத்தை முற்றாக நிறுத்தினேன்.

"ஒண்டுமில்லை மச்சாள். பக்கத்து வீட்டு மடம் ரீவி போட்டிருக்கிறா."

"ம்… அவர் வந்தா, நீ ரீவியிலை பாடின கதையைச் சொல்லிச் சிரிக்கவேணும்" என்றா மச்சாள்.

"சொல்லுங்கோ மச்சாள்" என்றேன். திரையில் அவர்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்தப் பக்கம் கேட்காமல் அழுதேன்.