என் சாட்சி அந்தப் பூட்டு

எங்க வீட்ல ஒரு இரும்புப் பெட்டி இருக்குது. இடுப்பு உயரம், கறுப்பு பெயிண்ட், வெள்ளைக்காரன் காலத்துது. கோலார் தங்கவயல்ல சுரங்க ஆபீஸ் சாமானை ஏலம் விட்டப்போ எங்கப்பா எடுத்தது. பெங்களூருக்குக் குடி வந்தப்போ கட்டில், மேசை எல்லாத்தையும் வித்துட்டு இத மட்டும் லாரியில ஏத்திக்கினு வந்த மனுஷன். அவர் போனப்புறம் சாவி அம்மா இடுப்புல இருந்துச்சு. அம்மாவுக்கு முட்டி போயி, குளிக்க வைக்கிறதுலேர்ந்து சகலமும் நான்தான்னு ஆனப்போ சாவியும் என் கைக்கு வந்துச்சு. சாவியா வந்துச்சு? சனியன் வந்துச்சு.

உள்ள இருந்தது அம்மாவோட காசுமாலை, ரெண்டு வளையல், வீட்டுப் பத்திரம். அவ்ளோதான். கொரோனாவுக்கு முன்னாடி ஒரு கல்யாணத்துக்காகத் திறந்து மூடினது. அப்புறம் அதத் தொட வேண்டிய வேலையே வரல. நான் சிவாஜிநகர்ல துணிக்கடையில நாள் பூரா நின்னுட்டு வர்றவ. எனக்கு எதுக்குக் காசுமாலை?

என் தம்பி எலெக்ட்ரானிக் சிட்டியில இருக்கான். பெரிய அபார்ட்மென்ட், கம்பெனி கார். அம்மாவைப் பாக்க மட்டும் அவனுக்கு டிராபிக் ஜாஸ்தி. அவன் பொண்ணு வயசுக்கு வந்துட்டா. மண்டபம் பிடிச்சாச்சு, மஞ்சள் நீராட்டுக்கு அந்தக் காசுமாலை வேணும்னு புருஷனும் பொண்டாட்டியும் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து நின்னாங்க. சாவியக் கொடுத்தேன். பாதி போச்சு, நின்னுடுச்சு. தள்ளினா உள்ள போகல, திருப்பினா திரும்பல.

தம்பி ரோட்டோரமா சாவி போடுற ஒரு ஆளைக் கூட்டினு வந்தான். அந்தாளு குனிஞ்சு கூடப் பாக்கல. சாவிய ஒரு தடவ விட்டான், எடுத்தான். "இது இதர கீ அல்ல" ன்னு கன்னடத்துல சொன்னான். இது இந்தப் பெட்டியோட சாவியே இல்லையாம். சொல்லிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணிக்கினு போயிட்டான். கொளுத்திப் போட்டுட்டுப் போனான் பாவி.

தம்பி பொண்டாட்டி ரொம்ப மரியாதையாத்தான் கேட்டா. "அப்ப ஒரிஜினல் சாவி எங்க அண்ணி?"

எனக்கு மொதல்ல புரியல. புரிஞ்சதும் உடம்பெல்லாம் திகுதிகுன்னு எரிஞ்சுது. முன் போர்ஷன்ல குடியிருக்கிற கன்னடத்துக்கார அம்மா சத்தம் கேட்டு வந்து வாசப்படியில நிக்கிறாங்க. அவங்க முன்னாடியே கேக்குறா: "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. சாவி உங்ககிட்டதான் இருந்துச்சு. இப்ப அது வேற சாவிங்கிறாங்க. நாங்க யாரக் கேக்கறது?" தம்பி அம்மாவைப் பாத்தான், சுவரைப் பாத்தான், என்ன மட்டும் பாக்கல. அம்மா கட்டில்ல உக்காந்துகினு புடவை முந்தானைய நீவி விட்டுக்கினு இருந்தாங்க. ஒரு வார்த்தை வரல அந்த வாயிலேர்ந்து.

"அடுத்த ஞாயிறு கேஸ் கட்டர் ஆளக் கூட்டினு வரேன். வெட்டி எடுத்துடலாம்" ன்னான் தம்பி.

"வெட்டக் கூடாது" ன்னேன்.

"ஏன்? உள்ள இருக்குதுனா என்ன பயம் உனக்கு?"

பாத்தீங்களா கேள்விய? நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. பயம் ஒண்ணுமில்ல, என் கணக்கு வேற. வெட்டித் திறந்து மாலை உள்ள இருந்தாலும் தம்பி பொண்டாட்டி என்ன சொல்லுவா? "நல்ல சாவிய ஒளிச்சு வெச்சுக்கினு, கெழவி கண்ண மூடினதும் எடுத்துக்கலாம்னு இருந்தா"ம்பா. பூட்டே வெந்து போனப்புறம் என் சாவி சரியான சாவிதான்னு யார் சொல்றது? ஊர் வாய மூட உலைமூடியா இருக்குது? அந்தப் பூட்டு உருப்படியா இருக்கணும். அதுல இந்தச் சாவி திரும்பணும். எனக்கு வேற சாட்சி கிடையாது.

சனிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிட்டு, எங்க கடைத் தெருவுக்குப் பின்னால பழைய பூட்டு, தராசெல்லாம் ரிப்பேர் பண்ற பாயைப் பிடிச்சேன். சிடுமூஞ்சி. ஆட்டோவுல வர்ற வழியெல்லாம் ரோட்டத் திட்டிக்கினே வந்தாரு. வந்தும் நல்ல வார்த்தை இல்ல. டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "உள்ள என்னாவோ அடச்சுகினு இருக்குது. டிரில்லு போட்டா ஆச்சு" ன்னாரு.

"டிரில்லு போட்டா இந்தச் சாவி அப்புறம் வேலை செய்யுமா?"

"சாவி எதுக்குமா? பொட்டி திறந்தா போதாதா?"

"எனக்குப் பொட்டி திறக்க வேணாம் பாய். சாவி திரும்பணும்."

என்னப் பாத்த பார்வையில, பைத்தியக்காரி வீட்டுக்கு வந்துட்டோம்னு நெனச்சது தெரிஞ்சுது. "ஜபர்தஸ்தி பண்ணா சாவி உள்ளயே முறியும், அப்புறம் என்னக் கேக்கக் கூடாது" ன்னு சாவிய வெளிய இழுத்து என் கையில கொடுத்தாரு. அப்பதான் பாத்தேன். சாவி மூக்குல மஞ்சளா ஒரு பொடி. துரு மஞ்சளாவா இருக்கும்? மோந்து பாத்தேன். ஐயோ! மஞ்சள், சந்தனம்!

வெள்ளிக்கிழமையானா அம்மா முட்டி வலியோட நகந்து நகந்து போயி அந்தப் பெட்டிக்குப் பொட்டு வைப்பாங்க. மஞ்சளும் சந்தனமும் கொழச்சு, மேல துளி குங்குமம், சரியா சாவி ஓட்டை மேல. லட்சுமி வர்ற வாசல் அதுதானாம். முன்னெல்லாம் ஓட்டைக்கு மேல ஒரு பித்தள மூடி தொங்கும், பொட்டு அது மேல உக்காரும். எங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கத் தம்பி ஆள் விட்டப்போ அவனுங்க பெட்டிய நகத்தி அந்த மூடியத் தொலச்சானுங்க. அப்புறம் வெச்ச பொட்டெல்லாம் நேரா பூட்டு வயித்துக்குள்ளதான் போயிருக்குது.

பாய்கிட்ட சொன்னேன். மனுஷன் அப்பதான் சிரிச்சாரு. "என்னாமா இது, பூட்டுக்குச் சோறு ஊட்டினீங்களா?"

மண்ணெண்ணெயச் சொட்டுச் சொட்டா விட்டு ஊற வெச்சோம். என் கொண்டை ஊசிய வாங்கி முனைய வளச்சு நோண்ட ஆரம்பிச்சாரு. கட்டி கட்டியா வந்துச்சு, சிமெண்டு மாதிரி. நடுவுல அட்சதை அரிசி கூட இருந்துச்சு. "தலை மேல நிக்காத, காத்து வரட்டும்" னு என்ன வேற வெரட்டினாரு. கடைசியில சாவி முழுசா உள்ள போச்சு. திருப்பப் போனாரு.

"திருப்பாதீங்க பாய்!" ன்னு கத்திட்டேன். "நாளைக்கு என் தம்பி பொண்டாட்டிதான் திருப்பணும்."

"திரும்பலன்னா?"

சாவிய வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கினேன்.

ஞாயித்துக்கிழமை அவங்க சொன்ன மாதிரியே சிலிண்டரும் ஆளுமா வந்து எறங்கினாங்க. முன் போர்ஷன் அம்மாவை நானே போயி கூப்பிட்டு வந்து நிறுத்தினேன். சாவிய எடுத்து தம்பி பொண்டாட்டி கையில வெச்சேன். "அன்னிக்குக் கொடுத்த அதே சாவி. நீயே போடு."

போட்டா. முழுசா போச்சு. அவ முகம் மாறுச்சு. திருப்பினா. கடக்குனு ஒரு சத்தம். என் உயிரே அந்தச் சத்தத்துலதான் திரும்பி வந்துச்சு. மாலை துணியில சுத்தி வெச்ச எடத்துலயே இருந்துச்சு. எடுத்துக் கழுத்துல வெச்சுப் பாத்துக்கினு, "நல்லவேளை" ன்னா.

"நல்லவேளை இருக்கட்டும். சாவி சரியான சாவியா, இல்லையா? அன்னிக்கு இந்தம்மா முன்னாடி கேட்டல்ல, இப்பவும் அவங்க முன்னாடி சொல்லு."

"நான் யாரயும் திருடின்னு சொல்லலையே அண்ணி."

"விடுக்கா, ஆனது ஆச்சு" ன்னான் தம்பி. பெட்டிய அவனே பூட்டினான். சாவிய எடுத்து பேன்ட் பாக்கெட்ல போட்டுக்கினான். "இனிமே இது எங்கிட்டயே இருக்கட்டும். உனக்கு எதுக்கு வீண் பொல்லாப்பு?" வந்த சிலிண்டர் ஆளையும் கூட்டினு போயிட்டான். முன் போர்ஷன் அம்மா என் தோளத் தட்டிட்டுப் போனாங்க.

நான் நேரா அம்மா முன்னாடி போயி நின்னேன். "பொட்டு வெச்சு அடச்சது நீ. அது தெரியாம வெச்சது, போகட்டும். எம்பொண்ணு அப்பிடிப்பட்டவ இல்லடின்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையா? நீ பெத்தவதானே?"

அம்மா முட்டியத் தடவிக்கினே சொன்னாங்க: "அவன் கோவிச்சுக்கினா போயிடுவான்மா. நாளைக்கு எனக்குக் கொள்ளி வைக்க அவன் வரணும். நீ எங்க போகப்போற?"

அது தைலம் தேய்க்கிற நேரம். பாட்டில எடுத்துக்கினு வந்து உக்காந்து தேய்ச்சேன். கொஞ்சம் அழுத்தியே தேய்ச்சேன்.